உலானும் உலையும்: நான் போட்ட ஒரு தப்புக் கணக்கு

போன மாதம் மைத்துனன் வாட்ஸப்பில் ஒரு ஃபார்வர்ட் அனுப்பியிருந்தான். "தமிழும் மங்கோலியமும் ஒரு தாய் மக்கள் – 40 சொற்கள், அசைக்க முடியாத ஆதாரம்" என்று தலைப்பு. கீழே, "மாமா, இது உங்களுக்குப் பிடிக்கும்" என்று ஒரு வரி. திறந்து பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. அது நானே போட்ட பட்டியல். ஊரடங்கு காலத்தில் பொழுது போகாமல் ஒரு பைத்தான் நிரல் எழுதி, அது கக்கியதை நண்பர்களுக்கு அனுப்பியிருந்தேன். அது ஊரெல்லாம் சுற்றி, என் பெயரை உதிர்த்துவிட்டு, "அசைக்க முடியாத" என்ற அடைமொழியைச் சேர்த்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறது.

அந்தப் பட்டியல் தப்பு. எங்கே தப்பு என்பதை நானே எழுதிவிடுவதுதான் மரியாதை.

நான் செய்தது இதுதான். 200 சொல்லை எடுத்துக்கொண்டேன். தமிழ், மங்கோலியம் இரண்டையும் ரோமன் எழுத்துக்கு மாற்றினேன். ஒரு சொல்லை மற்றதாக மாற்ற எத்தனை எழுத்தைத் தொட வேண்டும் என்று நிரல் எண்ணும். எண்ணிக்கை குறைவாக இருந்தால் சொந்தம். பொருள் விஷயத்தில் கொஞ்சம் தாராளமாக இருந்தேன். 'சிவப்பு' என்றால் சிவப்பு மட்டுமில்லை. நெருப்பு, ரத்தம், உலை, வெட்கம் எல்லாம் அதில் சேர்த்தி.

கிடைத்ததைப் பாருங்கள். மங்கோலியத்தில் 'உலான்' என்றால் சிவப்பு. தலைநகர் உலான்பாத்தருக்குச் 'சிவப்பு வீரன்' என்று பொருள். நம்மிடம் 'உலை'. அங்கே 'அஹ்' என்றால் அண்ணன், நம்மிடம் 'அக்கா'. அங்கே 'ஆவ்' அப்பா. தெலுங்கு, கன்னடப் பக்கம் 'அவ்வா'. அங்கே 'நைம்' எட்டு. நம்மிடம் 'நாலு', எட்டில் பாதி! செவ்வாய்க் கோளுக்கு அங்கே 'அங்காரக்', நம்மிடம் அங்காரகன். படிக்கும்போது புல்லரிக்கத்தான் செய்யும். எனக்கும் புல்லரித்தது.

இந்த ஆசை எனக்கு மட்டும் வந்ததில்லை. திருநெல்வேலி இடையன்குடியில் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திலேயே இது இருக்கிறது. அந்தக் காலத்தில் பின்னிய, துருக்கிய, மங்கோலிய, துங்கூசிய மொழிகளையெல்லாம் 'சித்தியக் குடும்பம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருந்தார்கள். திராவிட மொழிகள் அந்த மூட்டையோடு உறவுடையவை என்றார் கால்டுவெல். நெருங்கிய உறவைப் பின்னிய, உக்ரிய மொழிகள் பக்கம் தேடினார் என்றாலும், மங்கோலியமும் சாட்சிக் கூண்டில் இருந்தது.

கால்டுவெல்லைக் குறை சொல்லும்போது நிதானம் வேண்டும். தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று 1816இலேயே எல்லிஸ் சொல்லியிருந்தார். ஆனால் அதைப் பெரிய அளவில், ஒலி ஒலியாக, உருபு உருபாக நிறுவிக் காட்டியது கால்டுவெல்லின் புத்தகம்தான். என் குறை வேறு. ஒரே புத்தகத்தில் அவர் இரண்டு தராசு வைத்திருக்கிறார். தமிழையும் கன்னடத்தையும் ஒப்பிடும்போது பொன் நிறுக்கும் தராசு. சித்தியத்துக்குப் போனதும் புளி நிறுக்கும் தராசு. வினை கடைசியில் வருகிறது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது, அங்கங்கே சில சொற்கள் ஒத்துப்போகின்றன, ஆகவே உறவு. நான் பைத்தானில் செய்ததும் அந்தப் புளித் தராசுதான். அவரிடம் இருந்த பொன் தராசு என்னிடம் இல்லவே இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தராசு சரியா என்று எப்படிப் பார்ப்பது? எங்கள் தொழிலில் ஒரு சோதனை எழுதினால், தோற்க வேண்டிய இடத்தில் அது தோற்கிறதா என்று முதலில் ஓட்டிப் பார்ப்போம். எதைக் கொடுத்தாலும் 'பாஸ்' என்று சொல்லும் சோதனையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இதை இருபது வருஷமாக ஜூனியர்களுக்குச் சொல்லிவருகிறேன். என் சொந்த நிரலுக்கு மட்டும் செய்யவில்லை.

ஆகவே இந்த முறை தமிழை எடுத்துவிட்டுக் கொங்கணியை வைத்தேன். கொங்கணி மராத்தியின் உடன்பிறப்பு, இந்திக்கு ஒன்றுவிட்ட உறவு, ஆங்கிலத்துக்குக்கூடத் தூரத்துச் சொந்தம். ஏக், தோன், தீன் என்று எண்ண ஆரம்பித்தாலே குடும்பம் தெரிந்துவிடும். மங்கோலியனோ நெக், ஹோயோர், குரவ் என்று எண்ணுவான். இந்த இரண்டும் நெருங்கிய பங்காளிகள் என்று சொல்பவர் யாருமில்லை. என் சோதனை இங்கே கண்டிப்பாகத் தோற்க வேண்டும்.

தோற்கவில்லை. கொங்கணியில் புதன்கிழமை 'புத்வார்', மங்கோலியத்தில் புதன் கோள் 'புத்'. வியாழக்கிழமை 'ப்ரேஸ்தார்', வியாழன் கோள் 'பர்ஹஸ்பத்'. வெள்ளிக்கிழமை 'சுக்ரார்', வெள்ளிக் கோள் 'சுகர்'. இலக்கணத்திலும் அப்படியே: வினை கடைசியில், உருபு பின்னால், 'வந்து', 'போய்' மாதிரி எச்சங்களைக் கோத்துக்கொண்டே போகும் வாக்கியம். என் அளவுகோல்படி கொங்கணியும் மங்கோலியமும் ஒரு தாய் மக்கள். தமிழும் மங்கோலியமும் ஏற்கெனவே ஒரு தாய் மக்கள். ஆகவே தமிழும் கொங்கணியும், அதன் வழியாக ஆங்கிலமும்! இப்படி எல்லாரையும் எல்லாருக்கும் சொந்தமாக்கும் அளவுகோல் எதையும் அளக்கவில்லை.

சரி, ஒற்றுமைகள் கண்ணுக்குத் தெரிகின்றனவே, அவை எங்கிருந்து வந்தன? ஒவ்வொன்றாகப் பிரித்தால் மூன்று குவியல் ஆகிறது.

முதல் குவியல், கடன். கோள்களின் பெயர்கள் பௌத்தத்தோடு மங்கோலியாவுக்குப் போன சமஸ்கிருதச் சொற்கள். சனிக்கு அங்கே 'சன்சிர்', சனைச்சரன்தான் அது. ரத்தினம் அங்கே 'எர்தென்' ஆகியிருக்கிறது. புத்தகத்துக்கு மங்கோலியர் சொல்லும் 'நோம்' இன்னும் தூரத்திலிருந்து வந்தது. கிரேக்க 'நோமோஸ்' சோக்தியர் வழியாக நடுஆசியா கடந்து போய்ச் சேர்ந்தது. சிதம்பரத்திலிருந்து சீர்காழி தாண்டினால் வைத்தீஸ்வரன்கோயில், அங்கே அங்காரகன் சன்னதி. அந்தப் பெயர் கோபி பாலைவனத்துக்கு அப்பாலும் ஒலிக்கிறது என்பது அருமையான செய்தி. ஆனால் அது துறவிகளும் வணிகர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் நடந்த பாதையின் கதை. 'உறவு' என்று நான் ஒரே வார்த்தையில் முடித்து, அந்தப் பாதையையே அழித்துவிட்டேன்.

இரண்டாவது குவியல், தற்செயல். இதற்குக் கணக்கு இருக்கிறது. மெய்யெழுத்துகளை ஒலி நெருக்கம் பார்த்து 6 குழுவாகப் பிரியுங்கள். ஒரு சொல்லின் முதல் இரண்டு மெய்யை மட்டும் பாருங்கள். 36 வகை எலும்புக்கூடுதான் கிடைக்கும். எல்லாம் சம வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு மொழிகளில் 200 சொல்லுக்கு 5 அல்லது 6 சும்மாவே பொருந்தும். ஒவ்வொரு பொருளுக்கும் 5 சொற்களைத் தேடலாம் என்று சலுகை கொடுத்தால் அது 26 ஆகிறது. சிவப்புக்கு நெருப்பு, ரத்தம், உலை, வெட்கம் என்று நான் போன மாதிரி 10 சொல் வரை போனால் 49. என் 'அசைக்க முடியாத ஆதாரம்' 40 சொல். அதாவது சும்மா இருந்தாலே கிடைக்கக்கூடியதைவிடக் குறைவு!

கணக்கை நம்பாதவர்களுக்கு உலானையே எடுத்துக்கொள்வோம். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'மங்கோலியர்களின் ரகசிய வரலாறு' சீன எழுத்துகளில் ஒலிபெயர்த்து எழுதப்பட்ட படியாகக் கிடைத்திருக்கிறது. அதில் சிவப்பு 'ஹுலான்'. இன்றைக்கு 'அரவ்' எனப்படும் பத்து அப்போது 'ஹர்பன்'. சொல் முதலில் இருந்த ஹகரம் பிற்பாடு ஒட்டுமொத்தமாக உதிர்ந்துவிட்டது. அந்த ஹகரமும் அதற்கு முன்னால் பகரமாக இருந்தது என்கிறார்கள் மங்கோலிய மொழி ஆய்வாளர்கள். ஆக, உலைக்கு உலான் பொருந்தியது இன்றைய உச்சரிப்பின் விபத்து. செங்கிஸ்கான் காலத்தில் என் நிரலை ஓட்டியிருந்தால் இந்த ஜோடி தேறியே இருக்காது.

அஹ், அக்கா, ஆவ், அவ்வா கதை இன்னும் எளிது. குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகள் ம, ப, அ என்று உலகமெங்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெற்றவர்கள் அதைக் கேட்டு "என்னைத்தான் கூப்பிடுது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா. இந்தச் சொற்களை வைத்து மொழி உறவு பேசுவது, எல்லாக் குழந்தையும் அழுகிறது என்பதால் எல்லாக் குழந்தையும் ஒரே வீடு என்பது போல.

மூன்றாவது குவியல்தான் எனக்குப் பிடித்தது, அமைப்பு. இதில் ஒரே ஒரு சொல்லைப் பார்ப்போம்: 'என்று'.

"வருவேன் என்று சொன்னேன்." நமக்குப் பழகிப்போன வாக்கியம். 'என்று' என்பது 'என்' (சொல்) என்னும் வினையின் எச்சம் என்பதைக்கூட மறந்துவிட்டோம். பேச்சில் அது 'வர்றேன்னு' என்று வெறும் '-ன்னு' ஆகத் தேய்ந்துவிட்டது. இதையே மங்கோலியர் 'இர்னெ கெஜ் ஹெல்சென்' என்பார். இர்னெ, வரும். ஹெல்சென், சொன்னது. நடுவில் உள்ள 'கெஜ்'? அதுவும் 'சொல்' என்னும் பொருளுள்ள ஒரு வினையின் எச்சம்தான். கொங்கணியில் 'யேதா ம்ஹண் சாங்க்லே' என்பார்கள். 'ம்ஹண்'? அதுவும் சொல்லுதலைக் குறிக்கும் வினைதான். மூன்று மொழி, ஒரே இடத்தில் ஒரே ஆணி. இதைக் கண்டுபிடித்த இரவு நான் தூங்கவில்லை.

ஆனால் மூன்று ஆணியும் மூன்று பட்டறையில் அடித்தவை. தமிழில் இது குடும்பச் சொத்து; தெலுங்கில் 'அனி', கன்னடத்தில் 'எந்து' என்று உடன்பிறப்புகளிடமும் இருக்கிறது. கொங்கணியில் ஆணியின் இரும்பு இந்தோ-ஆரியம்; சமஸ்கிருத 'பண்' என்னும் சொல்லுதல் வினைதான் 'ம்ஹண்' ஆனது. ஆனால் அதை அடித்த இடம் நம் அக்கம்பக்கம். இந்திக்காரர் 'கி' என்று முன்னால் போட்டுவிட்டுத்தான் விஷயத்தைச் சொல்வார். தெற்கே வந்த மொழிகளோ நம்மைப் போலப் பின்னால் போடும். ஆம்பூர், வாணியம்பாடியில் தக்கிணி பேசும் வீடுகளில் 'போல்கே' என்று கேட்கலாம். 'சொல்லி' என்பதன் நேர்ப் படி. இப்படி வேறு வேறு குடும்ப மொழிகள் ஒரே நிலத்தில் இருந்து ஒன்றைப்போல் ஒன்று ஆவதைத்தான் 1956இல் எமனோ 'இந்தியா ஒரு மொழிப்பரப்பு' என்ற கட்டுரையில் எழுதினார். 1975இல் மங்கேஷ் நாட்கர்ணி கொங்கணியைக் குறித்தே தனியாக எழுதினார். கன்னடக் கரையோரம் குடியேறித் தலைமுறை தலைமுறையாக இருமொழி பேசிய சாரஸ்வதர்களின் கொங்கணியில், வாக்கிய அமைப்பே கன்னட அச்சுக்கு மாறியிருப்பதைக் காட்டினார். சொல் அவர்களுடையது, அச்சு பக்கத்து வீட்டுடையது.

மங்கோலியமோ யாரையும் பார்த்து எழுதவில்லை. வினையைக் கடைசியில் வைத்து, எச்சங்களைக் கோத்துப் பேசும் மொழியில், பிறர் பேச்சை வாக்கியத்துக்குள் நுழைக்க 'சொல்லி' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வது இயல்பான வழி. உலகில் வேறு பல மொழிகளும் தனித்தனியாக அந்த வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன. பழைய மங்கோலியத்தில் 'பித' என்றால் நாம், 'ப' என்றால் நாங்கள். இதுவும் என் பட்டியலில் நட்சத்திரக் குறியோடு இருந்தது. ஆனால் மலாயில்கூட 'கித்தா' நாம், 'காமி' நாங்கள். இரண்டு வீட்டுக்கும் திண்ணை இருப்பதால் பங்காளி ஆகிவிட முடியாது. மங்கோலியத்துக்கும் துருக்கியத்துக்குமே ரத்த உறவா, வெறும் பழக்கமா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அங்கே நாம் போய் மூன்றாவது பங்கு கேட்பது கொஞ்சம் அதிகம்.

அப்படியானால் உண்மையான உறவு எப்படி இருக்கும்? சுவாரஸ்யமில்லாமல் இருக்கும். தமிழ் பால், கன்னடம் ஹாலு. பல், ஹல்லு. பத்து, ஹத்து. புலி, ஹுலி. பெண், ஹெண்ணு. சொல் ஒத்துப்போவது முக்கியமில்லை. ஒத்துப்போகாத இடத்தில் ஒரே மாதிரி மாறுவதுதான் முக்கியம். பலூசிஸ்தானில் பேசும் பிராகுயி மொழியில் நம் ககரம் சில இடங்களில் தொண்டையிலிருந்து உரசி வரும் 'ஃக' ஆகிறது: கண், ஃகன்; கல், ஃகல். எண்ணும்போது அசிட், இரட், முசிட் என்று மூன்று வரை நம் வழி, நாலிலிருந்து கடன். கரடுமுரடாகத்தான் இருக்கிறது. ஆனால் விதி இருக்கிறது. அடுத்த சொல் எப்படி இருக்கும் என்று அந்த விதியை வைத்து முன்கூட்டியே சொல்லிப் பார்க்கலாம், சொன்னது பொய்த்தால் பிடிபடலாம். என் 40 சொற்களில் பொய்க்கக்கூடியது ஒன்றுகூட இல்லை.

இதில் எனக்கு வெட்கம் தருவது என்னவென்றால், இந்த வேலை நான் வாழும் ஊரிலேயே நடந்திருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறை வெளியீடுகளைப் பாருங்கள். 1968இல் பி. எஸ். சுப்ரமணியத்தின் கோண்டி இலக்கணம். 1969இல் குமாரசாமி ராஜாவின் நூல். நீங்கு–நீக்கு, திருந்து–திருத்து போன்ற ஜோடிகளில் மெல்லினம் எப்படிக் கழன்றது என்ற ஒரே சங்கதிக்கு ஒரு முழுப் புத்தகம். 1983இல் சுப்ரமணியத்தின் திராவிட ஒப்பொலியியல். புளித் தராசு ஒன்றுகூட இல்லை. இதே வளாகத்தில்தான் 1956 முதல் 1961 வரை தேவநேயப் பாவாணரும் பணியாற்றினார். தமிழுக்குள் வேர் தேடும்போது அவர் காட்டும் நுட்பத்துக்கு இன்றும் கைகட்டி நிற்பேன். ஆனால் அதே கையோடு உலக மொழிகளுக்குள் நுழையும்போது, வடிவ ஒற்றுமையும் பொருள் விரிவும் போதும் என்று அவர் நினைத்துவிடுகிறார். பொய்ப்பித்துப் பார்க்க வழி வைப்பதில்லை. என் போன்றவர்கள் அவரிடம் எடுத்துக்கொண்டதோ அவருடைய உழைப்பை அல்ல, அந்தத் தாராளத்தை.

பெருமைக்காகத்தானே, விட்டுவிடுங்களேன் என்று நண்பர் ஒருவர் சொன்னார். விட முடியாததற்குக் காரணம் இதுதான். மங்கோலியாவில் சொந்தம் தேடும் நேரத்தில், நீலகிரியில் தோடரும் கோத்தரும் பேசும் மொழியில் ஒரு சொல்கூட நமக்குத் தெரியாது. கோண்டி, குடுக், மால்தோ என்ற பெயர்களைக் கேட்டால் ஊர்ப் பெயரா என்று கேட்போம். தொலைவில் இருக்கும் பேரரசின் உறவு வேண்டும்; காட்டோரத்தில் இருக்கும் ரத்த உறவு வேண்டாம். பட்டியல் போட்டபோது எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. செங்கிஸ்கான் சொந்தம் என்றால் மார்பு விரிகிறது; கோண்டு விவசாயி சொந்தம் என்றால் விரிவதில்லை. தப்பு நிரலில் மட்டும் இல்லை.

மைத்துனனுக்கு இதையெல்லாம் சுருக்கி ஒரு குரல்செய்தி அனுப்பினேன். அரை மணி கழித்துப் பதில் வந்தது: "அப்ப நமக்கு வெளிநாட்டுல சொந்தமே இல்லையா மாமா?"

இருக்கிறது என்றேன். பாகிஸ்தானில், குவெட்டாவுக்குத் தெற்கே மலைகளில். கல்லைக் காட்டிக் கேட்டால் 'ஃகல்' என்பார்கள், கண்ணைக் காட்டினால் 'ஃகன்' என்பார்கள்.

கொஞ்ச நேரம் 'டைப்பிங்' என்று காட்டியது. பிறகு, "இதை ஃபார்வர்ட் பண்ணலாமா?" என்று கேட்டான். பண்ணலாம், ஆனால் 'அசைக்க முடியாத' என்று மட்டும் சேர்க்காதே என்றேன்.